ஒரு யூனிட்டுக்கு ஒரே உரிமையாளர்

அன்புள்ள சகோதரிக்கு,

திருப்பூரிலிருந்து நீங்கள் எழுதிய கடிதமும், அதோடு இணைத்திருந்த ஈ.பி. பில்களும், ஐரோப்பிய பையர் அனுப்பிய படிவத்தின் நகலும் கிடைத்தன. படிவத்தில் இருப்பவை மூன்று கேள்விகள்தான். ஆண்டுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் செலவானது, அதில் புதுப்பிக்கத்தக்க மூலத்திலிருந்து வந்தது எவ்வளவு, அதற்கு ஆதாரம் என்ன. முதல் கேள்விக்கு உங்களிடம் பில் இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் சேர்த்து, "ஐ-ரெக் சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்துடுங்க, வேலை முடிஞ்சுது" என்கிறார் கன்சல்டன்ட். உங்கள் மாமனாரோ, "காசு கொடுத்துக் காகிதம் வாங்குனா நெலக்கரி கரண்ட்டு காத்தாடி கரண்ட்டா மாறீருமா?" என்று கேட்கிறார். யார் சொல்வது சரி என்று எழுதச் சொல்லியிருக்கிறீர்கள்.

உங்கள் மாமனார் கேட்பது நியாயமான கேள்வி. மாறாது. உங்கள் நிட்டிங் மெஷினுக்கு வரும் மின்சாரம் நேற்று எப்படி வந்ததோ அப்படியேதான் நாளையும் வரும். ஆனாலும் சான்றிதழ் ஏமாற்று வேலை இல்லை. அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்துகொண்டு வாங்கினால் உங்கள் பேர் கெடாது. தெரியாமல் வாங்கினால், பொய் சொல்ல நினைக்காமலே பொய் சொன்னவர்கள் ஆகிவிடுவோம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் ஊர்ப்பக்கத்துப் பால் சொசைட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து வீட்டுப் பாலும் ஒரே கேனில் போய்ச் சேர்கிறது. கேனிலிருந்து ஒரு டம்ளர் எடுத்து, இது எந்த வீட்டு மாட்டின் பால் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. ஆனால் யார் எத்தனை லிட்டர் ஊற்றினார்கள் என்று நோட்டில் இருக்கிறது. பணம் அந்த நோட்டை வைத்துத்தான் பட்டுவாடா ஆகிறது. மின்கட்டமைப்பிலும் அனல்மின் நிலையம், அணுமின் நிலையம், காற்றாலை, சோலார் எல்லாம் ஒரே கம்பியில் கலந்துவிடுகின்றன. கலந்த பிறகு பிரித்துப் பார்க்க எந்த மீட்டராலும் முடியாது. கம்பியில் ஊற்றும் இடத்தில் மட்டும்தான் அளக்கலாம். அங்கே அளந்ததை எழுதி வைக்கும் நோட்டுத்தான் இந்தச் சான்றிதழ் முறை.

உடுமலை, தாராபுரம் பக்கம் போகும்போது பார்த்திருப்பீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பி அங்கே வரிசையாகக் காற்றாலைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் உற்பத்தியை அளக்கும் மீட்டர் உண்டு. அதில் இரண்டு வகைக் கணக்கு ஓடும்: காற்றாலை கம்பிக்குக் கொடுத்தது ஒன்று, காற்றில்லாத நேரத்தில் தன் தேவைக்குக் கம்பியிலிருந்து எடுத்துக்கொண்டது இன்னொன்று. மாதா மாதம் அந்த ரீடிங் எடுக்கப்படுகிறது. அந்தக் காற்றாலை, ஆர்.இ.சி. எனப்படும் அரசின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சான்றிதழ்த் திட்டத்தில் சேர்ந்திருந்தால், முதலில் மாநில அமைப்பின் அங்கீகாரம் வேண்டும். பிறகு தேசிய லோடு டெஸ்பாட்ச் சென்டரில் பதிவு. கம்பிக்குக் கொடுத்த யூனிட் இத்தனை என்று மாநில லோடு டெஸ்பாட்ச் சென்டர் உறுதி செய்த பிறகு, காற்றாலையாக இருந்தால் ஆயிரம் யூனிட்டுக்கு, அதாவது ஒரு மெகாவாட் மணிக்கு, ஒரு சான்றிதழ் என்று எண் போட்டுக் கணக்கில் ஏற்றுகிறார்கள். மின்சாரத்தை ஒருவருக்கு விற்கலாம், இந்தச் சான்றிதழை வேறொருவருக்கு விற்கலாம். வாங்கியவர் அதைத் தன் கணக்கில் காட்டிவிட்டால் அந்த எண் ரத்தாகிவிடும். மறுபடி யாரும் அதைப் பயன்படுத்த முடியாது. இந்த ரத்துதான் முறை முழுவதற்கும் உயிர்நாடி. அது இல்லாவிட்டால் ஒரே ஆயிரம் யூனிட்டை நாலு பேர் 'எங்களுடையது' என்று சொல்லிக்கொள்வார்கள்.

மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2010-இல் ஆர்.இ.சி. விதிகளைக் கொண்டுவந்தது; 2011-இல் மின்சாரச் சந்தைகளில் வர்த்தகம் தொடங்கியது. அப்போது இது உங்களைப் போன்ற பனியன் கம்பெனிகளை நினைத்துச் செய்யப்பட்டது இல்லை. மின்வாரியங்கள், மின்வாரியமல்லாத பிறரிடம் ஓப்பன் ஆக்சஸில் வாங்குபவர்கள், சொந்த மின் நிலையம் வைத்திருப்பவர்கள் ஆகியோர் தங்கள் மின்சாரத்தில் ஒரு பங்கைப் புதுப்பிக்கத்தக்க மூலத்திலிருந்து எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருக்கிறது. 2024-25-இல் 29.91 சதவீதம், 2029-30-இல் 43.33 சதவீதம் என்று அந்த அளவு ஏறிக்கொண்டே போகிறது. காற்றும் வெயிலும் குறைந்த மாநிலங்கள் என்ன செய்யும்? சான்றிதழாக வாங்கி ஈடுகட்டட்டும் என்பதுதான் மூல நோக்கம். கட்டாயம் இல்லாமல் தானாக முன்வந்து வாங்குபவர்கள் பின்னால் வந்து சேர்ந்தார்கள்.

உங்கள் கன்சல்டன்ட் சொல்லும் ஐ-ரெக் வேறு ஒரு நோட்டு. நெதர்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓர் அறக்கட்டளையின் விதிகளின்படி பல நாடுகளில் நடக்கும், தன்விருப்பமாக வாங்குபவர்களுக்கான முறை. அளவு இதிலும் அதேதான், ஆயிரம் யூனிட்டுக்கு ஒன்று. ஒரே யூனிட்டுக்கு இரண்டு நோட்டிலும் சான்றிதழ் வாங்கக் கூடாது. எதை வாங்குவது என்பதை உங்கள் பையர் எதை ஏற்றுக்கொள்வார் என்று எழுத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கன்சல்டன்ட் மாதிரிக்கு அனுப்பிய ஐ-ரெக் பக்கத்தை எடுத்து எதிரில் வைத்துக்கொள்ளுங்கள். வண்ண லோகோவையும் கியூ.ஆர். கோடையும் விட்டுவிட்டு, சிறிய எழுத்துகளைப் பாருங்கள். யார் பெயரில் ரத்து செய்யப்பட்டது என்று ஒரு வரி இருக்கும். அங்கே உங்கள் கம்பெனியின் பெயர் இருக்க வேண்டும், கன்சல்டன்ட் கம்பெனியின் பெயர் இருந்தால் பயனில்லை. அடுத்து, எந்த ஆண்டின் மின் நுகர்வுக்காக என்று இருக்கும். அதன் கீழே மின் நிலையத்தின் பெயர், எந்த நாடு, காற்றா சோலாரா நீர்மின்சாரமா, அது ஓடத் தொடங்கிய தேதி, இந்தச் சான்றிதழுக்குரிய யூனிட் உற்பத்தியான காலம், கடைசியாகத் தொடக்க எண்ணும் முடிவு எண்ணும். உங்களுக்கு வந்த மாதிரியில் நுகர்வு ஆண்டு 2024 என்றும், உற்பத்திக் காலம் 2022 என்றும் இருக்கிறது. மாதிரிதானே என்று விட்டுவிடாதீர்கள். உற்பத்தியும் நுகர்வும் காலத்தால் நெருங்கியிருக்க வேண்டும், ஒரே மின்சந்தைக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு விதி. பழைய சரக்கைத் தள்ளிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பில்களைக் கூட்டினால் மாதம் சராசரி 40,000 யூனிட், வருடத்துக்கு 4,80,000. இதில் 1,80,000 யூனிட் உங்களுக்குப் பங்கு இருக்கும் காற்றாலையிலிருந்து அட்ஜஸ்ட்மென்ட் ஆகியிருக்கிறது. மீதி 3,00,000 யூனிட் மின்வாரியத்திடம் வாங்கியது. கன்சல்டன்ட் 480 சான்றிதழுக்கு விலை சொல்லியிருக்கிறார். காற்றாலைக் கணக்கு சரியாக இருந்தால் உங்களுக்குத் தேவை 300 மட்டுமே.

பையர் கேட்கும் கார்பன் கணக்கை 'ஸ்கோப் 2' என்பார்கள். நாம் வாங்கும் மின்சாரத்துக்காக வேறெங்கோ எழும் புகையின் கணக்கு அது. இதற்கான உலகளாவிய வழிகாட்டி 2015-இல் வந்தது. இரண்டு எண்களை அருகருகே எழுத வேண்டும் என்று அது சொல்கிறது. முதல் எண், நாட்டின் மின்கட்டமைப்பு சராசரியாக யூனிட்டுக்கு எவ்வளவு கரியமில வாயுவை வெளிவிடுகிறதோ அதை வைத்துப் போடுவது. இந்தியாவில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. கம்பி வழியாக வரும் 4,80,000 யூனிட்டுக்கும் இப்படிப் போட்டால் கிட்டத்தட்ட 340 டன் வரும். நீங்கள் ஆயிரம் சான்றிதழ் வாங்கினாலும் இந்த எண் ஒரு கிலோகூடக் குறையாது. இரண்டாவது எண், நீங்கள் செய்துகொண்ட ஒப்பந்தங்களையும் வாங்கிய சான்றிதழ்களையும் வைத்துப் போடுவது. காற்றாலைப் பங்கும் 300 சான்றிதழும் செல்லுபடியானால் இது பூஜ்யம். மாமனார் கேட்கும் கேள்விக்கு முதல் எண்ணில் பதில் இருக்கிறது, பையர் கேட்பதற்கு இரண்டாவதில். இரண்டாவதை மட்டும் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு முதலாவதை மறைப்பவர்களால்தான் இந்த முறைக்கே கெட்ட பெயர் வருகிறது. நீங்கள் இரண்டையும் எழுதுங்கள்.

அடுத்தது உங்களுக்கு மிக முக்கியமானது. கன்சல்டன்ட் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. உங்கள் காற்றாலை குரூப் கேப்டிவ் முறையில் நடப்பது. குறைந்தது 26 சதவீதப் பங்கு பயனாளிகள் கையில், உற்பத்தியில் 51 சதவீதமாவது அவர்களே பயன்படுத்த வேண்டும் என்ற ஏற்பாடு. மின்சாரம் உங்கள் பில்லில் கழிகிறது என்பதாலேயே அதன் 'பசுமை'யும் உங்களுடையது என்று ஆகிவிடாது. அந்தக் காற்றாலையை நடத்தும் கம்பெனி அதே யூனிட்டுகளுக்கு ஐ-ரெக் வாங்கி வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு விற்றிருந்தால், "நாங்கள் காற்று மின்சாரத்தில் துணி தைக்கிறோம்" என்று சொல்லும் உரிமை உங்கள் கையைவிட்டுப் போய்விட்டது. பில்லில் அட்ஜஸ்ட்மென்ட் வரி அப்படியே இருக்கும். கணக்கின்படி அந்த 1,80,000 யூனிட்டும் சாதாரண மின்சாரம்.

இப்படியெல்லாம் நடக்குமா என்று தோன்றலாம். ஒரு நாட்டுக்கே நடந்திருக்கிறது. ஐஸ்லாந்தில் ஏறக்குறைய முழு மின்சாரமும் நீரிலிருந்தும் புவிவெப்பத்திலிருந்தும் வருகிறது. அந்த மின்சாரம் தீவைவிட்டு வெளியே போகக் கடலடிக் கம்பி கிடையாது. ஆனால் அதற்கான சான்றிதழ்கள் ஐரோப்பாவுக்கு விற்பனையாயின. விற்ற சான்றிதழைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மின்சாரத்துக்காக நிலக்கரியே எரிக்காத அந்த நாட்டின் மின்சாரத்தில் நிலக்கரியும் அணுசக்தியும் இருப்பதாகக் காகிதக் கணக்கு காட்டியது. இதற்கிடையே, அந்த மின்சாரத்தில் பெரும்பகுதியைச் செலவிடும் தொழிற்சாலைகளும் தங்களுடையது புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்றே சொல்லிவந்தன. ஒரே யூனிட்டுக்கு இரண்டு உரிமையாளர்கள் இருக்கிறார்களோ என்ற சந்தேகத்தில், 2023 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் சான்றிதழ் ஏற்றுமதியை, சான்றிதழ்களுக்கான ஐரோப்பிய அமைப்பு நிறுத்திவைத்தது. சில வாரங்கள் கழித்துத்தான் திறந்தது. அங்கே யாரும் காற்றில்லாத இடத்தில் காற்றாலை இருப்பதாகப் பொய்க் கணக்கு எழுதவில்லை. ஒவ்வொரு பதிவும் உண்மை. விற்றுப்போனதை மறந்து, பயன்படுத்தியவரும் உரிமை பேசியதுதான் கோளாறு. உங்கள் காற்றாலைக் கம்பெனியிடம் இதை எழுத்தில் கேளுங்கள்: எங்கள் பங்கு யூனிட்டுகளுக்கு ஆர்.இ.சி.யோ ஐ-ரெக்கோ வேறு எதுவுமோ வாங்கவில்லை, விற்கவில்லை, இனியும் விற்க மாட்டோம் என்று லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம். அந்த ஒரு கடிதம் 180 சான்றிதழுக்குச் சமம்.

அதே கடிதத்தில் காற்றாலை எந்த வருடம் ஓடத் தொடங்கியது என்றும் கேளுங்கள். நூறு சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்று உறுதி எடுத்த பெரிய நிறுவனங்களின் கூட்டமைப்பான ஆர்.இ.100, ஓடத் தொடங்கியோ, ரீபவர் என்று புதுப்பித்து அமைக்கப்பட்டோ 15 ஆண்டுக்குள் இருக்கும் மின் நிலையங்களிலிருந்து வாங்குவதை மட்டும் ஏற்பது என்று 2024 முதல் விதி வைத்திருக்கிறது. சிறு பகுதிக்கு விலக்கும் பழைய ஒப்பந்தங்களுக்குச் சலுகையும் உண்டு. அது அந்த நிறுவனங்களின் சொந்த மின்சாரத்துக்கான விதி. ஆனாலும் அதே அளவுகோலை சப்ளையருக்கும் நீட்டும் பையர் இருக்கக்கூடும். இது தமிழ்நாட்டைத் தனியாகப் பாதிக்கும் சங்கதி. 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை வைத்திருக்கும் மாநிலம் இது. முப்பந்தலில் தொண்ணூறுகளில் நட்ட சிறிய காற்றாடிகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. நாட்டில் பலருக்கும் முன்னால் இறங்கியவர்களின் யூனிட்டுக்கு மதிப்புக் குறைவா என்று எனக்கும் வருத்தம்தான். ஆனால் விதியின் நியாயம் புரிகிறது. போட்ட முதல் எப்போதோ திரும்பிவிட்ட காற்றாலை, நீங்கள் சான்றிதழ் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஓடும். உங்கள் காசு புதிய காற்றாலை ஒன்றை நட உதவ வேண்டும் என்று பார்க்கிறார்கள். அந்தப் பழைய இடங்களில்தான் மாநிலத்திலேயே நல்ல காற்று அடிக்கிறது. அங்கே பழையதைக் கழற்றிவிட்டுப் பெரிய காற்றாலை வைக்க மாநில அரசு 2024-இல் கொள்கை அறிவித்திருக்கிறது. அது வேகமாக நடக்க வேண்டும்.

விலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆரம்ப ஆண்டுகளில் சோலார் ஆர்.இ.சி. ஒன்றுக்கு 9,300 ரூபாய் என்று அடிமட்ட விலை வைத்திருந்தார்கள். வாங்க ஆளில்லாமல் சான்றிதழ்கள் குவிந்தன. விலைக் குறைப்பை எதிர்த்து வழக்குகள் நடந்து, 2020 ஜூலையிலிருந்து 2021 நவம்பர் வரை வர்த்தகமே நின்றுபோனது. 2022-இல் வந்த புதிய விதிகள் அடிமட்ட விலை, உச்ச விலை இரண்டையும் எடுத்துவிட்டன. 2024-இன் நடுப்பகுதியில் ஒரு சான்றிதழ் நூற்றுச் சொச்சம் ரூபாய்க்குக் கைமாறியது. யூனிட்டுக்குக் கணக்குப் பார்த்தால் பத்துப் பதினைந்து பைசா. அந்த விலையில் உங்கள் 3,00,000 யூனிட்டுக்கும் சேர்த்து, ஒரு நல்ல தையல் மெஷின் விலைக்குப் பக்கத்தில்தான் வரும். இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது சந்தோஷப்படுவதா? எனக்குக் கவலையாக இருக்கிறது. பதினைந்து பைசாவை நம்பி எவரும் புதிய காற்றாலை வைக்க மாட்டார்கள். காகிதத்தில் குறைவது வேறு, நிஜத்தில் குறைவது வேறு. கனடாவின் கான்கார்டியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 115 நிறுவனங்களின் கணக்கை எடுத்து 2022-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2015-லிருந்து 2019-க்குள் தங்கள் ஸ்கோப் 2 உமிழ்வு 31 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனங்கள் மொத்தமாகக் காட்டியிருந்தன. சான்றிதழ்களை எடுத்துவிட்டுப் பார்த்தபோது குறைந்தது சுமார் 10 சதவீதம்தான்.

அதனால் சான்றிதழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாடகைக் கட்டடத்தில் ஓட்டுக்கூரைக்குக் கீழே நடக்கும் யூனிட் சோலார் எங்கே வைக்கும்? கேப்டிவ் பங்கு வாங்க முதல் இல்லாதவர் என்ன செய்வார்? அவர்கள் நேர்மையாக ஒரு கணக்குக் காட்ட இந்த வழி ஒன்று வேண்டும். நிறையப் பேர் வாங்கினால் விலை ஏறும், ஏறினால் அந்தக் காசு புதிய காற்றாலைக்கு அர்த்தமுள்ள வருமானமாகும். உங்கள் நிலைமை அதைவிட மேல். சொந்தக் கட்டடம், அதுவும் கான்கிரீட் கூரை என்று எழுதியிருக்கிறீர்கள். சான்றிதழை இந்த ஓர் ஆண்டுக்கு வாங்குங்கள். அந்த ஓர் ஆண்டுக்குள் கூரையில் சோலார் போட முடியுமா, புதிய காற்றாலை ஒன்றில் நீண்டகால ஒப்பந்தம் கிடைக்குமா என்று பாருங்கள். கூரை மின்சாரத்தை உங்கள் மீட்டரே காட்டும்; யாரிடமும் காகிதம் கேட்டு நிற்க வேண்டியதில்லை, பில்லும் குறையும்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய கணக்கு ஆண்டுக் கணக்கு. ஆடிக் காற்றில் உற்பத்தியான யூனிட்டைத் தை மாத நைட் ஷிப்டுக்கு ஈடாகக் காட்டலாம். நம் ஊரில் பழைய காற்றாலைகளுக்கு இருக்கும், உபரி யூனிட்டைப் பின்னால் எடுத்துக்கொள்ளும் பேங்கிங் வசதியும் அப்படிப்பட்டதுதான். ஆனால் தை மாத இரவில் கம்பியில் ஓடுவதில் பெரும்பகுதி நிலக்கரி மின்சாரம். ஸ்கோப் 2 வழிகாட்டியைத் திருத்தி, மணிக்கு மணி பொருத்திப் பார்க்கும் முறையைக் கொண்டுவர 2025 அக்டோபரில் கருத்துக் கேட்பு தொடங்கியது. வந்துவிட்டால் கேள்வி "எத்தனை யூனிட்" என்பதோடு நிற்காது, "எத்தனை மணிக்கு" என்றும் வரும். உங்கள் உயரழுத்த (எச்.டி.) மீட்டர் நேரவாரியாக நுகர்வைப் பதிவு செய்துகொண்டுதான் இருக்கிறது. அந்தத் தரவை மாதா மாதம் எடுத்து வைக்க இப்போதே ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள்.

படிவத்தின் மூன்றாவது கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். காற்றாலைக் கம்பெனியின் கடிதம் கைக்கு வந்த பிறகு, வருடத்தையும் எண்களையும் நிரப்பி இப்படி எழுதலாம்:

"எங்கள் ஆண்டு மின் நுகர்வு 4,80,000 யூனிட். இதில் 1,80,000 யூனிட் நாங்கள் பங்குதாரராக உள்ள காற்றாலையிலிருந்து பெறப்பட்டது. இந்த யூனிட்டுகளுக்குச் சான்றிதழ் எதுவும் வேறு எவருக்கும் விற்கப்படவில்லை (கடிதம் இணைப்பு). காற்றாலை இயங்கத் தொடங்கிய ஆண்டு: ____. மீதி 3,00,000 யூனிட் பொது மின்கட்டமைப்பிலிருந்து பெறப்பட்டது. இதற்கு ஈடாக, அதே ஆண்டில் இந்தியாவில் உற்பத்தியான மின்சாரத்துக்குரிய 300 சான்றிதழ்களை எங்கள் பெயரில் ரத்து செய்துள்ளோம் (எண்கள் இணைப்பு). மின்கட்டமைப்புச் சராசரியின்படி எங்கள் உமிழ்வு சுமார் 340 டன். ஒப்பந்தங்கள், சான்றிதழ்களின்படி பூஜ்யம்."

காற்றாலைக் கம்பெனி கடிதம் தர மறுத்தாலோ, ஏற்கெனவே விற்றுவிட்டோம் என்று சொன்னாலோ, 1,80,000-ஐயும் மீதியோடு சேர்த்து 480 சான்றிதழாக வாங்குங்கள், அல்லது 300-ஐ மட்டும் வாங்கிவிட்டு 62.5 சதவீதம் என்று எழுதுங்கள். அப்படி எழுதினால் ஆர்டர் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். நாளைக்கு வந்து சரிபார்க்கும் தணிக்கையாளர் முன்னால் 62.5-ஐ நிரூபித்துக் காட்டலாம், ஓட்டை விழுந்த நூறை நிரூபிக்க முடியாது. மாமனாரிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். காற்றாலைக் கம்பெனியிலிருந்து பதில் வந்ததும் ஒரு நகல் அனுப்புங்கள், வாசகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்